கட்டடம் என்ற பெயரில் ஒரு சுரங்கம்: பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டத்துக்கு அனுமதி வழங்கப்பட்ட விதம்

எதனோடும் எளிதில் மோதாமல் பாறையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய, தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமையவிருந்த ஆய்வகத்தைப் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதியாகிவிட்டது. அறிவியலுக்கு ஆதரவா, மலைக்கு ஆதரவா என்று கேட்டே பெரும்பாலான கட்டுரைகள் முடிந்துவிடும். இங்கே நான் எடுத்துக்கொள்வது அந்தத் திட்டத்தின் கோப்பு நகர்ந்த வழியை. எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பம் வைக்கப்பட்டது, அந்தப் பிரிவு எந்தக் கேள்விகளைக் கேட்டது, எவற்றைக் கேட்காமல் விட்டது என்பதை. ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன் அதன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்ற சட்டம் எங்கே பலன் தருகிறது, எங்கே கை நழுவுகிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான ஒரு நிகழ்வு தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடலாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்த, அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் நிதி தரும் ஏற்பாடு. போடி மேற்கு மலையின் அம்பரப்பர் மலையடிவாரத்திலிருந்து கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பெருங்குகை. அதற்குள் 50,000 டன் இரும்பாலான உணர்கருவி. தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் பாறை. வானிலிருந்து கொட்டும் மற்ற துகள்களை அந்தப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம் கடந்து போகின்றன. அவற்றால் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. இந்தத் துறையில் இந்தியாவுக்குப் பெருமை சேர்க்கும் பழைய வரலாறும் உண்டு: காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் கண்டறிந்த குழுவில் இதே டாடா நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இருந்தார்கள். கோலாரின் ஆழ்சுரங்க ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் நின்றுபோன பிறகு, அந்த மரபைத் தொடர ஒரு மலை தேவைப்பட்டது.

சிங்காரா: மதிப்பீடு வேலை செய்த இடம்

முதலில் தேர்ந்தெடுத்த இடம் பொட்டிப்புரம் அல்ல. நீலகிரியில் மசினகுடிக்கு அருகே உள்ள சிங்காரா. பைக்காரா நீர்மின் திட்டத்துக்காக ஏற்கெனவே அங்கே சுரங்கம் குடைந்திருந்தார்கள், பாறையின் தன்மை தெரிந்திருந்தது, சாலையும் மின்சாரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பொறியாளர் பார்வையில் பொருத்தமான இடம்தான். ஆனால் அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி. யானைகள் காலங்காலமாக வலசை போகும் வழி. 50,000 டன் இரும்பும் அதற்கு மேற்பட்ட கட்டுமானப் பொருளும் லாரி லாரியாகக் காட்டுக்குள் புகுந்து வர வேண்டியிருக்கும்.

எதிர்ப்பு எழுந்தது. வனத்துறை தன் கவலையைப் பதிவு செய்தது. 2009 நவம்பரில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் சிங்காராவுக்கு அனுமதி இல்லை என்று அணுசக்தித் துறைக்கு எழுதினார். மாற்று இடமாகத் தேனி மாவட்டத்தின் சுருளியாறு பகுதியைப் பரிசீலிக்கச் சொன்னார். அதையும் ஆராய்ந்து பார்த்தபோது அடர்ந்த காடு குறுக்கே நின்றது. கடைசியில் வந்து சேர்ந்த இடம்தான் பொட்டிப்புரம். இங்கே சுரங்கத்தின் வாய் வருவாய்ப் புறம்போக்கு நிலத்தில் இருக்கும். மாநில அரசு ஒதுக்கியது சுமார் 66 ஏக்கர். மேலே இருப்பது காப்புக்காடு என்றாலும், அந்தக் காட்டின் தரையைத் தொடாமல் அடியில் குடைந்து போய்விடலாம்.

இதை நான் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதிப்பீடு என்றாலே முட்டுக்கட்டை என்று பேசுகிறவர்கள் சிங்காராவைப் பார்க்க வேண்டும். அங்கே ‘வேண்டாம்’ என்று சொன்னதால் திட்டம் செத்துப்போகவில்லை. மரம் வெட்டத் தேவையில்லாத, புலிகள் காப்பகத்துக்குள் லாரி ஓடாத வேறொரு இடம் கிடைத்தது. மாற்று இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எந்தத் தாக்க மதிப்பீட்டுக்கும் உயிர்நாடி. நம் நாட்டு அறிக்கைகளில் அந்த அத்தியாயம் பெரும்பாலும் ஒரு சடங்காக இருக்கும். இடத்தை முடிவு செய்து, நிலத்தையும் வாங்கிய பிறகு ‘மூன்று இடங்களை ஆராய்ந்தோம், இதுவே சிறந்தது’ என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்ப்பார்கள். சிங்காரா விஷயத்தில் ஒப்பீடு நிஜமாகவே நடந்தது.

பிரிவு எண் 8(ஏ)

இந்தியாவில் இப்போதைய நடைமுறையின் அடிப்படை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான அறிவிக்கை. அதன் அட்டவணையில் கனிமச் சுரங்கம், அணை, அனல்மின் நிலையம், துறைமுகம், சிமென்ட் ஆலை என வகை வகையாகத் திட்டங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பெரியவை ‘ஏ’ வகை. டெல்லியில் உள்ள நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராயும். மற்றவை ‘பி’ வகை. மாநில ஆணையம் ஆராயும். ‘பி’ வகைத் திட்டம் ஒன்று தேசியப் பூங்காவுக்கோ மாநில எல்லைக்கோ குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் அதை ‘ஏ’ ஆக நடத்த வேண்டும் என்பது பொது நிபந்தனை. அந்தத் தூரம் முதலில் 10 கிலோமீட்டராக இருந்தது. 2014இல் 5 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

மலைக்குள் சுரங்கம் குடைந்து ஆய்வகம் அமைப்பது என்று ஒரு வரி அந்த அட்டவணையில் கிடையாது. அறிவிக்கையை எழுதியவர்கள் அப்படி ஒன்றை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எனவே கட்டுமானப் பரப்பை அளந்து, 20,000 சதுர மீட்டருக்கு மேல் 1,50,000 சதுர மீட்டருக்குள் வரும் ‘கட்டடம் மற்றும் கட்டுமானத் திட்டங்கள்’ என்ற 8(ஏ) பிரிவில் இதைச் சேர்த்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பும் வணிக வளாகமும் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அனுமதி வாங்கும் பிரிவு அது.

இந்தப் பிரிவுக்கென்று ஒரு தனிப் படிவம் உண்டு, படிவம் 1ஏ. அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கட்டடத்தில் எந்த வகைக் கண்ணாடி பொருத்தப் போகிறீர்கள், அது வெப்பக் கதிரை எவ்வளவு உள்ளே விடும் என்று கேட்கிறது. சூரிய ஒளியைப் பயன்படுத்தக் கட்டட வடிவமைப்பில் என்ன செய்திருக்கிறீர்கள், தெருக்களும் கட்டடங்களும் எந்தத் திசை பார்த்திருக்கின்றன, நிழலுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கிறது. நகரத்து அடுக்குமாடிக்கு இவை தேவையான, நல்ல கேள்விகள். ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் இருக்கும் குகைக்கு இவற்றால் என்ன பயன்? அங்கே கேட்க வேண்டியது பாறையின் பிளவுகளில் ஓடும் நீரைப் பற்றி, வெடியின் அதிர்வைப் பற்றி, கூரை தாங்குமா என்பதைப் பற்றி. விண்ணப்பிப்பவர் தானாகக் கூடுதல் அறிக்கை இணைக்கலாம்தான். ஆனால் தானாகக் கொடுப்பதும் சட்டம் கட்டாயப்படுத்திக் கேட்பதும் ஒன்றாகாது. கேட்டுப் பெற்ற பதிலைத்தான் இன்னொருவர் சரிபார்க்க முடியும், குறுக்குக் கேள்வி போட முடியும்.

இன்னொரு விளைவு இதைவிடக் கனமானது. கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து அந்த அறிவிக்கையே விலக்கு அளித்திருக்கிறது. நகரில் ஒரு வளாகம் கட்ட ஊரைக் கூட்டத் தேவையில்லை என்ற நினைப்பில் வந்த விலக்கு, பிரிவு எண்ணோடு சேர்ந்து மலைக்கும் வந்துவிட்டது.

பாறை, நீர், வாயு

முழு மதிப்பீடு நடந்திருந்தால் எவை மேசைக்கு வந்திருக்கும்? பாறையிலிருந்து தொடங்கலாம். சுரங்கப்பாதையின் அகலம் 7.5 மீட்டர், உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. நீளத்தோடு பெருக்கினால் பாதையிலிருந்து மட்டுமே சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் பாறை வெளியே வரும்; குகை தனி. உடைத்த பாறை முழுப் பாறையைவிட ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். அவ்வளவையும் எங்கே குவிப்பது, மழை அதன் தூசியை எந்த ஓடைக்கு இழுத்துப் போகும், எந்தச் சாலை வழியே வண்டிகள் போகும் என்பதெல்லாம் மலையடிவார விவசாயிக்கு அன்றாடப் பிரச்சினை.

அது சார்னோகைட் வகைக் கடினப் பாறை. ஒரு கிலோமீட்டர் பாறையின் எடை கீழே இருக்கும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 270 கிலோவாக அழுத்தும். அந்த அழுத்தத்தில் குடையும்போது பாறைத் துண்டுகள் திடீரென வெடித்துச் சிதறுவது சுரங்கத் தொழிலில் தெரிந்த ஆபத்து. கோலார் அதற்குப் பேர்போனது. வெடி அதிர்வுக்கும் அளவுகோல் உண்டு. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, குறைந்த அலைவெண் அதிர்வு சாதாரண வீட்டுச் சுவரருகே விநாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு தடவைக்கு எவ்வளவு வெடிமருந்து வைத்தால் எந்த வீட்டில் என்ன அளவு வரும் என்று முன்கூட்டியே கணித்து, கருவி வைத்து அளந்து, ஊரிலேயே பலகையில் எழுதிப் போட முடியும். கடினமான வேலை ஒன்றும் இல்லை.

என் கணிப்பில் பெரிய கேள்வி நீர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சரிவில் பெய்யும் மழை பாறைப் பிளவுகளில் இறங்கி, ஊற்றாகக் கசிந்து, கொட்டகுடி ஆறு போன்ற ஓடைகள் வழியே வைகைக்குப் போகிறது. கடினப் பாறைக்குள் நீர் சீராகப் பரவியிருக்காது, பிளவுகளில்தான் ஓடும். சுரங்கம் ஒரு பெரிய பிளவை வெட்டிவிட்டால் அதுவே வடிகாலாகிவிடும். மேலே இருக்கும் ஊற்று வற்றும். இது வெறும் அச்சமில்லை. இத்தாலியின் கிரான் சாசோ மலையில் நெடுஞ்சாலைச் சுரங்கம் குடைந்தபோது மலைக்குள் இருந்த நீர்மட்டம் பெருமளவு இறங்கியது. பிறகு அதே சுரங்கத்தை ஒட்டி நிலத்தடி ஆய்வகம் அமைந்தது. 2002 ஆகஸ்டில் அங்கே நியூட்ரினோ ஆய்வொன்றிலிருந்து சுமார் 50 லிட்டர் வேதிநீர்மம் கசிந்து ஓடையில் கலந்தது. சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் தரும் மலை என்பதால் பெரும் சர்ச்சையாகி, ஆய்வகப் பணிகள் நீண்ட காலம் முடங்கின. பொட்டிப்புரத்துக் கருவி வேறு வகை, அந்த நீர்மத்துக்கு இதில் வேலையே இல்லை. ஆனாலும் நீரைப் பற்றி ஆரம்பத்திலேயே அக்கறை காட்டாத நிலத்தடி ஆய்வகம் பின்னால் என்ன விலை கொடுக்கும் என்பதற்கு கிரான் சாசோ சாட்சி.

வாயுவைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இரும்புத் தகடுகளுக்கு இடையே 28,800 உணர்தகடுகள் பொருத்துவது திட்டம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர். கண்ணாடிகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் நிரப்பும் கலவையில் 95 சதவீதம், குளிர்சாதனத்தில் பயன்படும் ஆர்134ஏ என்ற வாயு. மொத்தம் சுமார் 200 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆர்134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 1,300 மடங்கு புவியைச் சூடாக்கும். ஒரு முறை நிரப்பியதை வெளியே விட்டால் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடை விட்டதற்குச் சமம். வாயுவைச் சுத்திகரித்து மறுபடி சுற்றவிடும் மூடிய அமைப்பை விஞ்ஞானிகளே வடிவமைத்திருந்தார்கள். கசிவு விகிதம் என்ன, ஆண்டுக்கு எவ்வளவு மறுநிரப்பு என்ற எண்கள் கருத்துக்கேட்பு மேடையில் வைக்கப்பட்டிருந்தால் அது அவர்களுக்கே பலமாக அமைந்திருக்கும்.

கேட்காத கேள்விகளின் இடத்தில் வதந்தி

பொட்டிப்புரம், ராசிங்கபுரம், தேவாரம் பக்கத்து மக்களிடம் பரவிய பேச்சு வேறு. அணுக்கழிவைக் கொண்டுவந்து மலைக்குள் புதைக்கப் போகிறார்கள், கதிர்வீச்சு வரும், முல்லைப்பெரியாறு அணை ஆட்டம் காணும். முதல் இரண்டுக்கும் இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அணையைப் பற்றிய கேள்விக்கு அதிர்வுக் கணக்கைக் காட்டிப் பதில் சொல்ல முடியும். விஞ்ஞானிகள் ஊர்களிலும் பள்ளிகளிலும் போய் விளக்கினார்கள். நம்பியவர்கள் குறைவு.

மக்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சட்டப்படியான கருத்துக்கேட்பு என்றால் 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், மாவட்ட ஆட்சியர் தலைமை, ஒளிப்பதிவு எல்லாம் உண்டு. ஒரு பெண் எழுந்து ‘எங்க ஊத்து வத்திட்டா யாருங்கய்யா பொறுப்பு?’ என்று கேட்டால் அந்தக் கேள்வி பதிவேட்டில் ஏறும், திட்டக்காரர் எழுத்தில் பதில் தர வேண்டும், அது இறுதி அறிக்கையில் சேர வேண்டும். விளக்கக் கூட்டத்தில் அப்படி எந்தக் கடமையும் கிடையாது. பேச வந்தவர் பேசிவிட்டுப் போகலாம். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எதிரே இல்லாதபோது, மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த மிக மோசமானதைக் கற்பனை செய்வது இயல்பு. கதிர்வீச்சு வதந்தியை வளர்த்ததில் 8(ஏ) பிரிவுக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். இதில் பெரும் இழப்பு நீரைப் பற்றிய நியாயமான கேள்விக்குத்தான். அணுக்கழிவுக் கூச்சலில் அது அமுங்கிப்போனது.

தீர்ப்பாயத்தில்

2011 ஜூனில் திட்டத்துக்கு முதல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கோவையின் சாலிம் அலி பறவையியல் மையம் தயாரித்த அறிக்கை அதற்கு அடிப்படை. 2015 ஜனவரியில் மத்திய அரசு சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. வைகோ தொடர்ந்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறும்வரை பணி தொடங்கக் கூடாது என்று அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டரில் இருக்கிறது, மாநில எல்லை அதைவிட அருகில், அறிக்கை தயாரித்த மையம் தாக்க மதிப்பீட்டுக்கென அங்கீகாரம் பெற்றதல்ல என்பவை அவர்களின் வாதங்கள். 2017 மார்ச் 20 அன்று தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்துப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது.

இதுதான் திருத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு. விண்ணப்பம் மாநில நிபுணர் குழுவிடம் வந்தபோது, வெடிவைப்பும் பாறை அழுத்தமும் கொண்ட இப்படியொரு திட்டத்தை ஆராயும் திறன் தங்களிடம் இல்லை, மத்திய அளவில்தான் ஆராய வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. தன் எல்லை தெரிந்து சொன்ன நேர்மையான பதில் அது. கோப்பு டெல்லிக்குப் போனது. அங்கே ‘ஏ’ வகையாக மாறி, எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரம்புகள் புதிதாக வகுக்கப்பட்டு, கருத்துக்கேட்பும் நடந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ‘சிறப்பு நேர்வு’ என்று குறிப்பிட்டு, ‘பி’ வகை 8(ஏ) பிரிவிலேயே வைத்து, மத்திய நிபுணர் குழு 2018 மார்ச் 5 அன்று பரிந்துரைத்தது. மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. ஆராயும் மேசை மட்டும் மாறியது; கேள்வித்தாள் பழையதுதான்.

2018 நவம்பர் 2 அன்று தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் வழித்தடத்தில் இந்த மலை இருக்கிறது என்பதை முன்வைத்து, திட்டத்துக்கு உடன்பாடில்லை என்று தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் அங்கே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

இந்தியாவின் ஒப்புதல் வந்த அதே 2015 ஜனவரியில்தான் சீனாவின் ஜியாங்மென் அருகே ஜுனோ நியூட்ரினோ ஆய்வகத்தின் பணிகள் தொடங்கின. நியூட்ரினோ வகைகளில் எது கனமானது, எது இலேசானது என்ற நிறை வரிசையைக் கண்டறிவது இரண்டுக்கும் பொதுவான இலக்கு. ஜுனோ 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. நம்மிடம் இருப்பது மதுரையில் இயங்கும் 85 டன் மாதிரிக் கருவி. சுற்றுச்சூழல் சட்டம்தான் நம்மைப் பின்தங்க வைத்தது என்று சிலர் சொல்வார்கள். கோப்பின் வரலாறு எனக்கு அப்படித் தெரியவில்லை. 2010இலேயே முழுமையான ஆய்வு வரம்போடு தொடங்கி, ஊற்றுகளையும் கிணறுகளையும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையிலும் அளந்து, ஆட்சியர் தலைமையில் ஊரைக் கூட்டியிருந்தால் மொத்தமாக இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடித்திருக்கும். மலை பொருத்தமானதா, இல்லையா என்பது 2013க்குள் தெரிந்திருக்கும். இல்லை என்றால் இன்னொரு மலையைத் தேட நேரம் இருந்தது, சிங்காராவுக்குப் பிறகு தேடியதைப் போல.

அறிவிக்கையின் அட்டவணை இன்றும் இந்த விஷயத்தில் திருத்தம் கேட்டு நிற்கிறது. நிலத்தடிச் சுரங்கத்துக்கும் குகைக்கும் தனிப் பிரிவு வேண்டும். தரைப் பரப்பைக் கொண்டு அளக்காமல், வெளியே எடுக்கும் பாறையின் கன அளவையும் மேலே இருக்கும் நீர்ப்பிடிப்பையும் கொண்டு அதை வரையறுக்க வேண்டும். கருத்துக்கேட்பு விலக்கு நகர எல்லைக்குள் எழும் கட்டடங்களோடு நின்றுவிட வேண்டும். சுரங்கம் தோண்டும் காலம் முழுவதும் உள்ளே கசியும் நீரின் அளவை நாள்தோறும் பதிந்து, மலையடிவாரக் கிணறுகளின் நீர்மட்டத்தோடு சேர்த்து ஊராட்சி அலுவலகத்தில் வெளியிட வேண்டும்; ஒரு வரம்பைத் தாண்டினால் வேலை நிற்கும் என்பது அனுமதிக் கடிதத்திலேயே எண்ணோடு இருக்க வேண்டும்.